ஒரு க்ளிக் என்றால் ஆமா

மெஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்தவன் நான். அதனால், நடந்ததற்கு மெஷின்தான் காரணம் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. நர்ஸம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் கடை ஒரு படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. மாடிக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் நாள் முழுக்க என் தலைமேல்தான். மவுஸ், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று தூக்கிப் போட மனசு வராத சாமான்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். எனக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர் வைத்தது என் அக்கா. வாய்க்கொழுப்பு எங்கள் குடும்பச் சொத்து. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு என் வாய்தான் காரணம் என்பாள். “உனக்கு மட்டும் எப்படி ஆச்சாம்?” என்று கேட்டால், “உங்க அத்தானுக்குக் காது மந்தம்டா” என்பாள்.

அத்தான் போன பிறகு அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவள். வேலையில் இருந்த காலத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டேதான் தினமும் வீட்டுக்குள் நுழைவாள். “சாட்சி சொன்னதை அடிடின்னா, இவ நெனச்சதை அடிச்சு வச்சிருக்கா. கோர்ட்டு என்ன அவ அப்பன் வீடா?” அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவள் செய்த தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு சரிந்து விழுந்தாள். மூளைத்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்குவதும் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. “ஆனா நீங்க பேசறது அத்தனையும் அவங்களுக்குப் புரியும். அதை மட்டும் மறந்துடாதீங்க” என்றார். இமைகூட அவள் சொன்னபடி கேட்கவில்லை. ஒன்று பாதி மூடியே கிடந்தது, இன்னொன்று சும்மா சும்மா துடித்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். “அது தானா வழியுறது. அழறாங்கன்னு நெனச்சு நீங்க பயப்படாதீங்க” என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். நாங்கள் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி. அதுவும் ஒரு இறகை அழுத்துகிற பலம்தான்.

நான் எலி டாக்டர் ஆயிற்றே. விரலின் கீழே மவுஸை வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்ற அரை நாள்கூட ஆகவில்லை. முதலில் ஒரு புது மவுஸை வைத்துப் பார்த்தேன். விரல் அழுத்தியது, பட்டன் அசையவில்லை. மவுஸ் பட்டனுக்குக் கீழே பருப்பு அளவுக்கு ஒரு பெட்டி உண்டு. அதற்குள் வளைந்த செப்புத் தகடு ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தத் தகடு டக்கென்று கீழே இறங்கித் தொடும். புதுத் தகடு விறைப்பாக இருக்கும், அக்காவின் விரலுக்கு மசியாது. என் மேஜை டிராயரில் பல வருடம் தேய்ந்த பழைய மவுஸ் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து, அந்தப் பெட்டியைத் திறந்து, ஊசிமுனை இடுக்கியால் தகட்டின் வளைவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். இப்போது காற்று பட்டால்கூட அழுந்தும் போல இருந்தது. எனக்கு என் கைமேல் ஒரே பெருமை.

ஒரு க்ளிக் என்றால் ஆமா. இரண்டு க்ளிக் என்றால் வேண்டாம். அவ்வளவுதான் எங்கள் மொழி. அதற்காகச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். முதல் க்ளிக் வந்ததும் இரண்டு செகண்ட் காத்திருக்கும். அதற்குள் இன்னொன்று வந்தால் வேண்டாம், வராவிட்டால் ஆமா. வெறும் ‘டிங்’ சத்தம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா எனக்கு அனுப்பியிருந்த பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடி, அவள் குரலிலிருந்தே அந்த இரண்டு வார்த்தைகளை வெட்டி எடுத்தேன். ‘வேண்டாம்’ சுலபமாகக் கிடைத்தது. நான் செய்கிற எதற்கும் அவள் அதைத்தான் சொல்வாள். ‘ஆமா’தான் கிடைக்கவில்லை. ஒரே ஒரு மெசேஜில் இருந்தது. “ஆமா, இவரு பெரிய இஞ்சினீயரு, வந்துட்டாரு” என்று என்னைக் கிண்டல் செய்தது. அந்த ஆமாவை எடுத்து ஒட்டினேன். அதனால் அக்கா சொன்ன ஒவ்வொரு சம்மதமும் கிண்டலாகவே வெளியே வந்தது.

கட்டிலில் ஒரு பலகை வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, அதன்மேல் அவள் கையை வைத்தோம். அக்காவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸம்மா குனிந்து, “என்னை யாருன்னு தெரியுதாம்மா?” என்று கேட்டார். விரல் அழுத்தியது. இரண்டு செகண்ட். “ஆமாஆ” என்று ஸ்பீக்கர் இழுத்தது. நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்கு மாதம் அப்படித்தான் பேசினாள். திருப்பிப் படுக்க வைக்கவா, ஆமா. உதட்டை நனைக்கவா, ஆமா. டிவி போடவா, வேண்டாம். ஜன்னலைத் திறக்கவா, ஆமா, ஆமா. அந்த ஜன்னல் மட்டும் அவளுக்கு வேண்டும். அதிலிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் நிற்குமிடம் தெரியும். நன்றாக நடமாடிய காலத்திலேயே தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். காற்று வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரே மகள். அதைச் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண் ஒற்றைப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. புருஷனை விட்டு வந்துவிட்டேன், இனி போகமாட்டேன் என்றாள். அக்கா வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். “நாலு வார்த்தை அவன் பேசினா நீ ரெண்டு வார்த்தை பொறுத்துப்போ. இப்ப திரும்பிப் போ. கோபம் ஆறினதும் பேசிக்கலாம்” என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவளை பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். போகிற வழியில், “என்ன, பல்வலியா?” என்று அவள் கன்னத்தைக் காட்டிக் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆமா மாமா, பல்வலி” என்றாள். அவள் புருஷன் வீட்டுக்கும் போகவில்லை. வேறு ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அக்கா அதற்கப்புறம் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிடிவாதக்காரி, மனசு கல்லாகிவிட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அக்கா விழுந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. யாரோ சொல்லி, ஐந்தாவது மாதம் அவளே போன் செய்தாள். பகல் பதினோரு மணி இருக்கும். அக்கா கட்டிலுக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“மாமா, எங்கம்மா படுத்த படுக்கையா கிடக்கறது மூணாவது மனுஷங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

“நீ எங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?” என்றேன். அவள் நம்பர் என் போனில் இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. “நான் வந்து பாக்கணும் மாமா. ஆனா அம்மா வரச் சொன்னாத்தான் வருவேன். ஒரு தடவை வாசல்ல நின்னது போதும். இன்னொரு தடவை என்னால முடியாது. அவங்க க்ளிக் பண்ணிப் பேசறாங்களாமே, எனக்காகக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

ஸ்பீக்கரில் போட்டு, போனை அக்காவின் தலைமாட்டில் இடப்பக்கமாகப் பிடித்தேன். “அக்கா, உன் பொண்ணு லைன்ல இருக்கா. உன்னைப் பாக்க வரணுமாம். வரச் சொல்லவா?”

விரல் அழுத்தியது. இரண்டு செகண்ட். “வேண்டாம்.”

அக்காவின் குரல்தான். தெளிவாக, திடமாக, அந்தக் காலத்துக் குரல். நர்ஸம்மா கையிலிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தார்.

அதற்கு முந்தைய இரண்டு வாரமாக அக்கா எல்லாவற்றுக்குமே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன். உதட்டை நனைக்கவா, வேண்டாம். திருப்பிப் போடவா, வேண்டாம். ஜன்னலைத் திறக்கவா, வேண்டாம். எப்போதாவதுதான் ஒரு ஆமா வந்தது. “இவங்களுக்கு வாழவே பிடிக்கல சார்” என்றார் நர்ஸம்மா. “பிடிவாதம் நர்ஸம்மா, உடம்போட பிறந்தது” என்றேன் நான். ‘அவங்களைக் கேட்டுட்டு செய்யுங்க, அதுதான் மரியாதை’ என்று நான் கறாராகச் சொல்லியிருந்ததால், அவர் உதட்டை நனைக்கவில்லை. ஜன்னலும் பதினைந்து நாளாகச் சாத்தியே கிடந்தது.

இருந்தாலும் இரண்டாவது தடவை கேட்டேன். “அக்கா, நல்லா யோசிச்சு சொல்லு. அவ வரட்டுமா?”

“வேண்டாம்.”

“கடைசியா கேக்கறேன். உன் பொண்ணுதான் அக்கா, வரட்டுமா?”

“வேண்டாம்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டால், ஆறு வருடத்துக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது? அக்கா இன்னும் வேண்டாம் என்கிறவரைக்கும் நான் செய்தது சரி. அதனால்தான் இன்னொரு வழியில் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ‘வரவேண்டாமா?’ என்று திருப்பிப் போட்டு ஒரு தடவை கேட்டிருந்தால்கூட ஏதோ இடிக்கிறது என்று தெரிந்திருக்கும்.

“கேட்டியா?” என்றேன் போனில்.

அவள் பதில் சொல்வதற்குள் அக்கா மறுபடி அழுத்தினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. “வேண்டாம்” என்றது ஸ்பீக்கர். மறுபடி “வேண்டாம்.” மறுபடி. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அது தானாக வழிவது.

“போதும்மா” என்றாள் அவள் போனில், சின்னக் குழந்தை மாதிரி. “போதும், நான் வரல.” போனை வைத்துவிட்டாள்.

அவள் வைத்த பிறகும் அக்கா நிறுத்தவில்லை. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். நடுவில் ஒரே ஒரு தடவை, “ஆமாஆ” என்று வந்தது. அந்தக் கிண்டல் இழுப்பைக் கேட்டதும், ‘ஆமா, நான் சொன்னது சொன்னதுதான்’ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. “விடுக்கா, அவளுக்குக் கேட்டாச்சு, அவ போயாச்சு! இன்னும் எதுக்கு சாட்டையால அடிக்கற மாதிரி அடிக்கற?” என்று கத்தினேன். அவள் மறுபடி அழுத்தினாள். நான் மவுஸை அவள் கைக்குக் கீழேயிருந்து உருவி, வயரைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலையில் திரும்ப மாட்டி, கையை அதன்மேல் வைத்தேன். எது கேட்டாலும் பதில் இல்லை. விரலை அசைக்கவே இல்லை. என்மேல் கோபம், தணிந்ததும் பேசுவாள் என்று இருந்தேன். ஒன்பதாவது நாள் விடியற்காலையில் அவள் மூச்சு நின்றுவிட்டது.

மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில், பூட்டியிருந்த ஒரு கடையின் ஷட்டரை ஒட்டி நின்றுகொண்டாள். நான் தெருவைத் தாண்டிப் போய், “உள்ள வா” என்றேன்.

“அம்மா வேண்டாம்னுதானே சொன்னாங்க” என்றாள். “இங்கிருந்தே பாத்துக்கறேன் மாமா.”

உடலை வண்டியில் ஏற்றும்வரை அங்கேயே நின்றாள். வண்டி திரும்பியதும் தெருமுனைக்கு நடந்து போய் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தேன். வாடிக்கையாக வரும் டியூஷன் டீச்சர் ஒருத்தர் ஒரு மவுஸைக் கொண்டுவந்தார். “என்னன்னே தெரியல சார், எதைத் தொட்டாலும் தானா திறந்துக்குது.”

தினமும் நாலு பேராவது இந்த வியாதியோடு வருவார்கள். வழக்கமான என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். “மேடம், மவுஸ் தானா எதுவும் பேசாது. கம்ப்யூட்டர்தான் செகண்டுக்கு நூத்தி இருபத்தஞ்சு தடவை ‘ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அடியில இருக்கற கேமரா மேஜையைப் படம் பிடிச்சு, போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாக்கும். வலப்பக்கம் மூணு, கீழ ஒண்ணுன்னு அதை மட்டும் சொல்லும். அம்பு ஸ்கிரீன்ல எங்க நிக்குதுன்னு மவுஸுக்குத் தெரியவே தெரியாது. பட்டனும் அப்படித்தான். அழுத்தியிருக்கா, விட்டாச்சா, அவ்வளவுதான் சொல்லும். உள்ள ஒரு செப்புத் தகடு இருக்கு. அது கீழ விழுந்து தொடும்போது, பந்து தரையில விழுந்த மாதிரி ரெண்டு மூணு தடவை எகிறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. மவுஸ் கொஞ்சம் பொறுத்து, எகிறி அடங்கினதும்தான் சொல்லும். தகடு தேஞ்சு தளர்ந்துபோச்சுன்னா அது பொறுத்த நேரத்துக்கு அப்புறமும் எகிறும். நீங்க ஒரு தடவைதான் அழுத்தறீங்க. ஆனா அது ரெண்டு தடவைன்னு...”

“ரெண்டு தடவைன்னு?” என்றார் டீச்சர். “என்ன சார், ஏன் நிறுத்திட்டீங்க?”

அவரை வெளியே அனுப்பி, ஷட்டரை இழுத்தது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு எப்படிப் போனேன் என்பது ஞாபகம் இல்லை. அவருடைய மவுஸ் என் கையிலேயே இருந்தது.

விரலில் பலம் கூடுகிறதா என்று டாக்டர் கேட்டால் காட்டலாமே என்று, அக்காவின் ஒவ்வொரு அழுத்தலையும் அந்தப் புரோகிராம் ஒரு பதிவில் எழுதி வைத்துக்கொண்டு வந்தது. அவள் எப்போது அழுத்தினாள், எப்போது விட்டாள், மவுஸ் நகர்ந்ததா, எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன்.

முதல் மாதத்து வேண்டாம்களைப் பார்த்தேன். இரண்டு க்ளிக்குகளுக்கு நடுவில் முக்கால் செகண்ட், சில சமயம் ஒரு செகண்ட். அவள் விரல் எழுந்து மறுபடி அழுத்த அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு அந்த போன் வந்த நாளுக்குப் போனேன். ‘வரச் சொல்லவா?’ என்ற முதல் கேள்விக்கு வந்த இரண்டு க்ளிக்குகளுக்கு நடுவில் ஒரு செகண்டில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே. உலகத்தில் எந்த மனுஷ விரலாலும் அது முடியாது. அவள் மூன்று தடவையும் ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கிறாள்.

உதட்டை நனைக்கவா என்றதற்கும், ஜன்னலைத் திறக்கவா என்றதற்கும் அதே கதிதான். நான் என் கையால் இளக்கிவிட்ட தகடு. புது மவுஸை வைத்திருந்தால் அவள் பேசியிருக்கவே முடியாது. இதை வைத்ததால் அவள் பேசினாள், ஆனால் நேர்மாறாகப் பேசினாள். தப்பு நடக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தான் ஆமா என்று அழுத்த, தன் குரலே வேண்டாம் என்று சொல்வதைப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்ல அவளிடம் இருந்ததும் அந்த ஒரே மவுஸ்தான்.

பிடிவாதம் என்று சொன்னேனே. என் வாயில் புழு விழ.

பிறகு மகளுக்கு போன் செய்தேன். “நீ ஒரு தடவை வரணும்” என்றேன்.

“எதுக்கு மாமா?”

“அம்மா சொன்னதை நான் தப்பா சொல்லிட்டேன்.”

“நீங்க எங்க மாமா சொன்னீங்க? அம்மா குரலைத்தானே நான் கேட்டேன்.”

“வா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். வாசல் நிலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, அக்காவின் அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் உட்காரவைத்தேன். தகடு எகிறுவதையும், நான் அதை இளக்கியதையும், நூற்றில் ஒரு பங்கையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அது பல்வலி இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் பதிவில் இருந்த எண்களை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண்.

கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. “இது என்ன மாமா? இங்க மட்டும் வேற மாதிரி இருக்கு.”

நான் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. ஐந்து மாதமாக அந்த மவுஸ் ஒரே பலகையை ஓயாமல் படம் பிடித்துக்கொண்டு, நகர்ந்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் கிடந்தது. போன் வந்த நாளின் அந்த வரிகளில் நகர்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் ஒன்று. அதற்கு அடுத்த வரியில் பெரிய எண். அது நான் உருவியது.

“அம்மா கை அசையாதுன்னு சொன்னீங்களே?”

“அசையாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு.”

“போன் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“இடப்பக்கம்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அம்மா நெஜமா சொன்னதை எனக்குக் கேக்கணும்” என்றாள்.

அதற்குத் தேவை ஒரே ஒரு வரி. ஒரு க்ளிக் வந்து ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு ஆவதற்குள் இன்னொன்று வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதே என்று புரோகிராமில் ஒரு வரி. கடையில் உட்கார்ந்து உபதேசம் செய்கிறவன் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய வரி. அதை இப்போது எழுதினேன். அந்த நாளின் பதிவை, க்ளிக்குகளுக்கு நடுவில் இருந்த அதே இடைவெளியோடு, மறுபடி ஓடவிட்டேன்.

“ஆமாஆ” என்றாள் அக்கா.

நான் இரண்டாவது தடவை கேட்கப் பிடித்த நேரம் அப்படியே மௌனமாகப் போயிற்று. “ஆமாஆ.” மறுபடி மௌனம். “ஆமாஆ.” அதற்கப்புறம் யாரும் கேட்காமல் அவளாக அழுத்தியது ஆரம்பித்தது. ஸ்பீக்கர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, காத்திருந்து அழுத்தியிருக்கிறாள். மூன்று செகண்டுக்கு ஒன்று. ஆமா. ஆமா. ஆமா.

அந்தப் பெண் எழுந்து ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

“வரட்டுமாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமாஆ.”

“நான் வரட்டுமா?”

“ஆமாஆ.”

“உள்ள வரட்டுமாம்மா?”

“ஆமாஆ.”

ஒவ்வொரு மௌனத்திலும் அவள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அக்கா பதில் சொன்னாள், என்னைக் கிண்டல் செய்த அதே இழுப்போடு. நான் சுவரோடு ஒட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனையில் முடியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

“வரட்டுமாம்மா?” என்று அவள் மறுபடி கேட்டாள்.

அந்த இடத்தில்தான் நான் வயரைப் பிடுங்கியிருந்தேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதையே இன்னொரு தடவை கேட்டாள்.